கழுத்தில் உள்வளரும் முடி: ரேசரை மாற்றினால் போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டது ரேசரைப் பற்றி. அக்கரைப்பற்றில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை, கிழமையில் ஆறு நாளும் முகம் வழித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்கிறீர்கள். குரல்வளைக்கு இரண்டு பக்கமும் சிவந்த பருக்கள், சிலதுக்குள் முடி சுருண்டு கறுப்பாகத் தெரிகிறது, மூன்று பிளேட் ரேசரை விட்டு ஐந்து பிளேட்டுக்கு மாறியும் கூடியதே தவிரக் குறையவில்லை. இனி அப்பா பாவித்த மாதிரி ஒற்றைப் பிளேட் ரேசர் வாங்கலாமா, ஆவணியில் கலியாணம் வேறு இருக்கிறது என்று முடித்திருக்கிறீர்கள். அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்வி, தினமும் வழித்துக்கொண்டே இந்தக் கழுத்தை ஆற்ற முடியுமா என்பதுதான். பெரும்பாலும் முடியும். ஆனால் தடவிப் பார்த்தால் கழுத்து வழுவழுவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். ரேசர் எது என்பது அதற்குப் பிறகு வருகிற மூன்றாவது, நாலாவது காரியம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் தோல் கிளினிக் ஒன்றில் விசேட வைத்தியருக்குக் கீழ் பல வருடம் நின்ற மருத்துவ அதிகாரி. நிபுணர் பட்டம் என்னிடம் இல்லை. உங்கள் கழுத்தை நான் கண்ணால் பார்க்கவும் இல்லை. நீங்கள் எழுதிய அடையாளங்கள் உள்வளரும் முடிக்கு நன்றாகவே பொருந்துகின்றன, ஆனாலும் வேறு ஒன்றாக இருக்கவும் இடம் உண்டு. அதனால் முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம்.

வழித்த கையோடு எரிந்து சிவந்து, ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கினால் அது பிளேட் உரசியதால் வந்த வெறும் எரிச்சல். வழித்து இரண்டு மூன்று நாள் போனபிறகு, முடி திரும்ப முளைக்கிற நேரம் பார்த்துப் பரு கிளம்பி, அதே இடங்களில் மாறி மாறி வந்தால் அது உள்வளரும் முடி. மருத்துவப் புத்தகத்தில் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று இருக்கும். தினமும் வழிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால் பிரித்தறிவது கஷ்டம். மஞ்சள் சீழ் முனையோடு, தொட்டால் நோகிற பருக்கள் பரவிக்கொண்டு போனால் கிருமி சேர்ந்திருக்கிறது என்று எடுக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். வட்டமாகப் படர்ந்து, விளிம்பில் செதில் கட்டி, கடிச்சலோடு, அந்த இடத்து முடி பிடித்து இழுத்தால் நோகாமலே கழன்று வந்தால் அது தாடியில் வருகிற படர்தாமரை. அது பூஞ்சையால் வருவது, மாட்டிலிருந்தும் தொற்றும். படுவான்கரைப் பக்கம் கன்றுக்குட்டியோடு புழங்குகிற ஒருவர் தாடிப் பருவோடு வந்தால் நான் முதலில் கேட்பது மாட்டைப் பற்றித்தான், ரேசரைப் பற்றி இல்லை.

சரி, உள்வளரும் முடிக்கு வருவோம். சுருட்டை முடிக்காரருக்குத் தோலுக்கு அடியில் இருக்கிற முடிக்குழியே வளைந்துதான் இருக்கும். பிளேட் அந்த முடியைச் சாய்வாக வெட்டும்போது முனை சீவின மூங்கில் மாதிரிக் கூராகிவிடுகிறது. அது வளர்ந்து, வளைந்து, பக்கத்துத் தோலில் குத்தி இறங்கும். இது ஒரு வழி. மற்ற வழி இன்னும் மோசம். பல பிளேட் ரேசரில் முன் பிளேட் முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்க, பின்னால் வருகிறது வெட்ட, வெட்டின முடி தோல் மட்டத்துக்குக் கீழே உள்வாங்கிவிடுகிறது. பிறகு அது வெளியே வருவதற்கு முன்னமே குழியின் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. வெளியே இருந்து குத்தினாலும் உள்ளேயே குத்தினாலும் உடம்பு அந்த முடியை அந்நியப் பொருளாக எடுத்துச் சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டைதான் பரு. இதில் அழுக்குக்குப் பங்கில்லை. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்று நினைப்பவர்கள் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

கழுத்தில் இது கூடுதலாக வருவதற்கும் காரணம் இருக்கிறது. கன்னத்து முடி பெரும்பாலும் ஒரே பக்கம் பார்த்து வளரும். கழுத்து முடி தோலோடு படுத்து வளரும், திசையும் இடத்துக்கு இடம் மாறும். தாடைக்குக் கீழே கீழ்நோக்கி, காறையெலும்புக்கு மேலே மேல்நோக்கி, குரல்வளைக்குப் பக்கத்தில் காதைப் பார்த்துச் சாய்ந்து, சிலருக்கு ஒரு சுழியே இருக்கும். கன்னத்துப் பழக்கத்தில் கழுத்தையும் ஒரே இழுவையில் வழிக்கும்போது பாதி இடத்தில் முடிக்கு எதிராகத்தான் பிளேட் போகிறது.

வழிப்பதை நிறுத்தினால் இது ஆறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்த்தவர்கள், செத்த வீட்டுத் துடக்குக்காக 31ஆம் நாள் வரைக்கும் முகம் வழிக்காமல் இருந்தவர்கள் என்று எத்தனையோ பேரைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறோம். மருந்து ஒன்றும் பூசாமலே அவர்களுடைய கழுத்து தெளிந்திருக்கும். முடி ஒரு அளவுக்கு நீளமானதும் அதன் இழுவிசையே உள்ளே மாட்டியிருக்கிற நுனியை வெளியே இழுத்துவிடுகிறது. முதல் கிழமையில் மட்டும் பரு கூடுகிற மாதிரித் தெரியும். அதைக் கண்டு பயந்து திரும்ப ரேசரை எடுத்து, எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

உங்களுக்கும் முதல் வேலை அதுதான். 3 முதல் 4 கிழமைக்குக் கழுத்தில் பிளேட் படக் கூடாது. வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம், கன்னத்தை வழமைபோல வழியுங்கள். கழுத்துக்கு மட்டும் ட்ரிமர் எடுத்து, தோலோடு அழுத்தாமல், அரை முதல் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒரு எட்டுத் தள்ளி நிற்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. முடி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டருக்குள்தான் வளர்கிறது. அதனால் ஒன்றுவிட்ட ஒரு நாள் ட்ரிமர் ஓட்டினால் போதும். மேலாளர் கேட்டால் வைத்தியர் சொன்னார் என்று சொல்லுங்கள், தேவைப்பட்டால் உங்கள் வைத்தியரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கலாம். இந்தக் காலத்தில் தோலுக்கு மேலே வளையமாகத் தெரிகிற முடி இருந்தால், சுத்தமான ஊசியின் முனையை வளையத்துக்குள் விட்டு மெல்லத் தூக்கிவிடலாம். பிடுங்க வேண்டாம். பிடுங்கின முடி திரும்ப வரும்போது தோலுக்கு அடியில் இருந்தே கூர் முனையோடு கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத முடியைத் தோண்டப் போனால் தழும்புதான் மிஞ்சும்.

கழுத்து அடங்கின பிறகு ரேசருக்குத் திரும்பலாம். அதற்கு முன்னால் ஒரு நாள், இரண்டு நாள் முடி இருக்கிற நிலையில், கண்ணாடிக்கு முன்னால் நின்று விரல் நுனியால் கழுத்தை நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகிற பக்கம் முடி படுகிற பக்கம், சொரசொரக்கிறது எதிர்ப்பக்கம். கழுத்தைப் போனில் ஒரு படம் எடுத்து, அதன்மேல் முடி படுகிற பக்கத்துக்கு அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப்பிள்ளை வேலை மாதிரித் தெரியும், ஆனால் இதைச் செய்தவர்களில் அநேகர் தாங்கள் இவ்வளவு காலமும் கழுத்தின் ஒரு பாதியைத் தலைகீழாக வழித்து வந்ததைக் கண்டுபிடித்தார்கள். அம்பு போகிற பக்கம் மட்டுமே ரேசர் போக வேண்டும். ஒரே தரம். நுரை போடாத இடத்தில் திரும்பவும் இழுக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிறதே என்று கை போகும், அங்கேதான் நிறுத்த வேண்டும்.

குளித்து முடித்த கையோடு வழியுங்கள். முடி தண்ணீரை உறிஞ்சி மென்மையாவதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும், ஊறின முடியை வெட்டக் காய்ந்த முடிக்குத் தேவையான பலம் தேவையில்லை. சுடுதண்ணி கட்டாயம் இல்லை, நம்முடைய வெயிலுக்கு வெதுவெதுப்பே போதும். சுடுதண்ணியில் துவாரம் திறக்கும், குளிர்தண்ணியில் மூடும் என்று சொல்வதெல்லாம் கதை, தோல் துவாரத்துக்குக் கதவு கிடையாது. தண்ணீரில் பார்க்க வேண்டியது உப்பும் சுண்ணாம்பும். கடலுக்கும் வாவிக்கும் கிட்ட இருக்கிற மணல் கிணறுகள் பலதிலும் தண்ணீர் சவர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, பிசுபிசுவென்று ஒரு படையாகத் திரண்டு தோலில் ஒட்டும். அந்தப் படைக்கு மேலே பிளேட் வழுக்காது, இழுபடும். உங்கள் வீட்டுக் கிணறு அப்படியென்றால் வழிக்கிறதுக்கு மட்டும் ஒரு கோப்பை குழாய்த் தண்ணியோ மழைத் தண்ணியோ எடுத்து வையுங்கள். நுரை எந்தக் கம்பனியுடையது என்பது பெரிய விஷயம் இல்லை. தடிப்பாக, ஈரமாக, வாசனை குறைவாக இருந்தால் சரி. குளிக்கிற சவர்க்காரத்தை முகத்தில் தேய்த்து வழிக்கிற பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், அது சீக்கிரம் காய்ந்துவிடும். கன்னத்தை முதலில் முடித்துவிட்டுக் கழுத்தைக் கடைசியாக எடுத்தால் அதற்கு ஊறக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

தோலை இழுத்துப் பிடித்து வழிக்காதீர்கள். இழுத்துப் பிடித்தால் முடி கூடுதலாக வெளியே வந்து வெட்டுப்படும், விட்டதும் உள்ளே போய்விடும். மடிப்பு விழாமல் நாடியை லேசாக உயர்த்தினால் போதும். அழுத்தமும் கூடாது. ஒவ்வொரு சின்ன இழுவைக்கும் பிளேட்டை அலசுங்கள். பிளேட் மொட்டையானதும் நாம் அறியாமலே கை அழுத்தத் தொடங்கும். பல பிளேட் ரேசரை 5 முதல் 7 தரத்துக்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது, ஒற்றைப் பிளேட் என்றால் அதற்கும் முன்னமே. உதறிக் காய வைத்து, குளியலறைக்கு வெளியே வையுங்கள். துவாயில் துடைத்தால் முனை மடங்கும்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி. ஒற்றைப் பிளேட் ரேசர் நல்லதா? முடியை இழுத்து வெட்டுகிற வேலை அதில் இல்லை, அதனால் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுகிற வாய்ப்புக் குறைவு. இந்தக் காரணத்தால்தான் உள்வளரும் முடிக்காரருக்கு அதைச் சொல்வது வழக்கம், நானும் சொல்வேன். ஆனால் இது மேலே சொன்ன திசை, ஊறவைத்தல் போல அடித்துச் சொல்கிற விஷயம் இல்லை. பல பிளேட் ரேசரால் தினமும் வழித்தவர்களை வைத்துச் செய்த ஆய்விலும், முறையாக வழித்தவர்களுக்குப் பரு கூடவில்லை என்றுதான் வந்திருக்கிறது. என் எண்ணம் இதுதான்: பழைய பழக்கத்தோடு புது ரேசர் வாங்கினால் பருவோடு வெட்டுக்காயமும் சேர்த்து வாங்குவீர்கள். ஒற்றைப் பிளேட் ரேசரைத் தோலுக்குக் கிட்டத்தட்ட 30 பாகைச் சாய்வில், அதன் சொந்தப் பாரத்தில் ஓட விட வேண்டும். கை பழக ஒரு மாதமாவது எடுக்கும். கலியாணத்துக்கு முன்னால் அந்தப் பரீட்சை வேண்டாம். இப்போதைக்கு ஐந்து பிளேட்டை வைத்துவிட்டு, இரண்டு பிளேட் உள்ள சாதாரண ரேசருக்கு இறங்கினாலே கழுத்துக்குப் பாதி வேலை முடிந்தது.

வழித்தபிறகு செய்கிற காரியங்களில்தான் நம்மூரில் கூடுதலான சேதம் நடக்கிறது. கழுவுகிற தண்ணீரில் டெட்டோல் விடுவது, ஸ்பிரிட் மாதிரி எரிகிற ஆஃப்டர் ஷேவ் அடிப்பது, எரிந்தால்தான் கிருமி சாகும் என்று ஒரு சமாதானம். எரிகிறது உங்கள் தோல். படிகாரம் பரவாயில்லை, சின்ன வெட்டில் இரத்தத்தை நிறுத்தும், ஆனால் முடி உள்ளே வளர்வதை அது தடுக்காது. அதைக் கழுத்து முழுக்கத் தேய்த்துக் காயவிட்டால் தோல் வரண்டு இறுகும். தேங்காயெண்ணெயை நுரைக்கு முன்னால் சிலர் பூசுகிறார்கள், பிளேட் வழுக்கும் என்பது உண்மைதான். சிலருக்கு அதுவே துவாரத்தை அடைத்துப் பருவைக் கூட்டும். உங்களுக்கு எது என்பதைக் கொஞ்ச இடத்தில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் எல்லாருக்கும் சொல்வது பச்சைத் தண்ணியில் அலசி, துவாயால் ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத லேசான மொய்ஸ்சரைசர் ஒன்று.

அப்புறம் ஒன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேட்கிறேன். மோட்டார் சைக்கிளிலா வேலைக்குப் போகிறீர்கள்? இந்தக் கச்சான் காற்றில் தோல் காய்ந்து கிடக்கிறது, எட்டு மணிக்கே வேர்க்கத் தொடங்குகிறது, காலையில் வழித்த பச்சைத் தோலுக்கு மேலே ஹெல்மட் வார் நாடிக்குக் கீழே இறுக்கிக்கொண்டு வருகிறது. வழியெல்லாம் அது உரசும். அதற்குப் பிறகு பகல் முழுக்கச் சேட் கொலர். பருக்கள் ஒரு பக்கத்தில் கூடுதலாக, வார் போகிற கோட்டிலே வரிசையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஹெல்மட்டைக் கழற்றச் சொல்ல மாட்டேன். வாரைக் கழுவுங்கள், அது உப்புப் படிந்து விறைத்துப் போயிருக்கும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றை அதில் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட, வழிக்கிறதை இரவுக்கு மாற்றுங்கள். இரவு எட்டு மணிக்கு வழித்தால் தோலுக்கு வேர்வையும் உரசலும் இல்லாத ஒரு முழு இரவு கிடைக்கிறது. காலையில் முகம் இன்னும் சுத்தமாகத்தான் இருக்கும்.

மருந்து வேண்டுமென்றால் இரண்டு மூன்றைச் சொல்லலாம். சாலிசிலிக் அமிலம் அல்லது கிளைகோலிக் அமிலம் உள்ள கழுவுநீரோ கிறீமோ, வழிக்காத இரவுகளில், மேல்தோலை மெல்ல உதிர்த்து நுனி வெளியே வர வழிவிடும். சீழ் முனை உள்ள பருவுக்கு பென்சாயில் பெராக்சைட் 2.5 அல்லது 5 வீதம் உதவும், ஆனால் கொலரையும் தலையணை உறையையும் அது வெளுத்துவிடும், வெள்ளைச் சேட் என்றால் கவலை இல்லை. அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகள் வைத்தியர் எழுதித் தர வேண்டியவை, முதல் சில கிழமை அவையே தோலை எரிக்கும். எல்லாம் செய்தும் நிற்காதவர்களுக்கு லேசர் இருக்கிறது. நம்முடைய நிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கிற என்டி யாக் வகைதான் பாதுகாப்பானது, வேறு வகையில் தோல் கருகிப்போக இடமுண்டு.

எதை வாங்கக் கூடாது என்பது எதை வாங்கலாம் என்பதைவிட முக்கியம். பாமசியில் போய்க் கழுத்தில் பரு என்று சொன்னால், ஸ்டீரொயிட்டும் பூஞ்சை மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த சின்ன டியூப் ஒன்று கைக்கு வந்துவிடும். பூசின இரண்டாம் நாளே சிவப்புக் குறையும், அதனால் நல்ல மருந்து என்று அண்ணன், மச்சான் எல்லாருக்கும் சொல்லிவிடுவீர்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, ஸ்டீரொயிட்டே புதுப் பருவைக் கொண்டுவரும். அது படர்தாமரையாக இருந்துவிட்டால், வட்டமும் செதிலும் மறைந்து உள்ளுக்குள் பரவி, பிறகு பார்க்கிற வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகும். டியூப்பின் பக்கத்தில் குளோபெற்றாசோல், பீற்றாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே பூசிக்கொண்டிருந்தால், கிளினிக்குக்கு வரும்போது வெறும் டியூப்பையாவது கொண்டுவாருங்கள்.

கறுப்புத் தழும்பைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பரு நின்றால் அது தானாக மங்கும், ஆனால் மாதக்கணக்கு எடுக்கும். ஆவணிக்குள் போகும் என்று சொன்னால் அது பொய். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழுத்துக்கும் சேர்த்து சன்ஸ்கிறீன் பூசுங்கள். வெள்ளையாக்குகிற கிறீம் பக்கம் போகாதீர்கள், அவற்றில் சிலதில் பாதரசமும் ஸ்டீரொயிட்டும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

கலியாணக் கணக்கு இப்படி இருக்கட்டும். இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. இன்றிலிருந்து நாலு கிழமை கழுத்துக்கு ட்ரிமர் மட்டும். அதற்குப் பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள், இரவில், அம்புக்குறிப்படி. கலியாணத்துக்கு முதல் கிழமை புதிதாக எந்தக் கிறீமும் கழுத்தில் படக் கூடாது, பேஷியலும் வேண்டாம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் பின்னேரம் சலூனுக்குப் போங்கள். மாப்பிள்ளை என்று தெரிந்தால் சலூன்காரர் அன்பில் இரண்டாம் தரமும் நுரை போட்டு, கீழேயிருந்து மேலே இழுத்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிடத்தான் பார்ப்பார். உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: உறை பிரித்த புது பிளேட், கழுத்தில் ஒரு தரம், மேல்நோக்கி வேண்டாம், கடைசியில் ஸ்பிரிட்டும் வேண்டாம். போனில் இருக்கிற அம்புக்குறிப் படத்தையும் காட்டுங்கள், சிரிப்பார், ஆனால் செய்வார். அதற்கு முன்னால் எப்போதாவது சீழ் கூடினால், காய்ச்சல் வந்தால், தொட்டால் கட்டியாகத் தடித்து நின்றால், ஆவணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.